உப்பு வாரப் போகிறவர்களின் நேரம்

புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்கு நேர்வழி கிழக்குக் கடற்கரைச் சாலை. சுமார் 35 கிலோமீட்டர். சைக்கிளை நிதானமாக மிதித்தாலும் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நான் அந்த வழியில் போகவில்லை. கோரிமேடு தாண்டித் திண்டிவனம் சாலையைப் பிடித்து, வானூரில் தோழியின் சித்தி வீட்டில் தங்கி, கழுவெளியைச் சுற்றிக்கொண்டு மரக்காணம் போய்ச் சேர்ந்தேன். ஏன் இவ்வளவு சுற்று என்று கேட்டவர்களிடம் பறவை பார்க்க என்று சொன்னேன். அது பாதி உண்மை. கிளம்பிய நாள் சனிக்கிழமை என்பது மீதி.

வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் குடிக்க வருகிறவர்களின் சாலை. மது விலை புதுச்சேரிப் பக்கம் குறைவு. எல்லையை ஒட்டியே கடைகளும் பார்களும் அடுக்கிக் கிடக்கின்றன. பைக்கில் மூன்று பேராக வருகிறவர்கள், சைக்கிளில் தனியாகப் போகும் பெண்ணைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். எதுவும் செய்யாமல் பக்கத்திலேயே வருவார்கள். ஒரு பாட்டு, ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு. புகார் எழுதப் போனால் எழுத ஒன்றும் இருக்காது. கைப்பிடியில் விரல்கள் இறுகிப்போவது மட்டும் எழுதாமலேயே தெரியும்.

சைக்கிள் ஓட்டும் பெண்களிடம் வழி கேட்டுப் பாருங்கள், தூரம் சொல்ல மாட்டார்கள். 'அந்த முந்திரித் தோப்புக்கு அப்புறம் நிக்காதே', 'டாஸ்மாக் திறக்கறதுக்குள்ள கூட்டுரோடு தாண்டிடு', 'ஸ்கூல் விடற நேரத்துல போனா பிரச்சினையில்ல' என்று இப்படித்தான் வரும். கைப்பேசி வரைபடத்தில் இவை எதுவும் இல்லை. அது எந்த வழியில் சீக்கிரம் போகலாம் என்று மட்டும் சொல்கிறது. கிரிஜா போர்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை ஆராய்ந்தார். பாதுகாப்பான வழி கிடைக்கிறது என்பதற்காகவே மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுவிட்டுச் சுமாரான கல்லூரியில் சேருகிறார்கள் என்று கண்டார். ஆண் மாணவர்களைவிட ஆண்டுக்கு ஏறக்குறைய 18,800 ரூபாய் கூடுதலாகப் போக்குவரத்துக்குச் செலவழிக்கவும் அவர்கள் தயார் என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தில் அது சராசரிக் கல்லூரிக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. நான் சனிக்கிழமை சுற்றிய கிலோமீட்டர்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை.

கிளம்பியது விடிவதற்கு முன்னால், புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலையிலிருந்து. மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு தடுப்பு ஊரையே மாற்றிவிடுகிறது. நடக்கிற பாட்டிகள், ஓடுகிற பெண்கள், சைக்கிள் பழகும் சிறுமிகள் என்று இருட்டு கலையும் முன்னரே கூட்டம். நம்மூர் நகரங்களில் சைக்கிள் பாதை என்று பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டு மறந்துபோகிறார்கள். அதற்கு ஆகும் செலவில் இரண்டு தடுப்புக் கட்டைகள் வாங்கிக் காலையில் வைத்து எடுத்தால் போதும்.

கோரிமேட்டில் ஜிப்மரைத் தாண்டினால் தமிழ்நாடு. மொரட்டாண்டி சுங்கச்சாவடி, இடது பக்கமும் வலது பக்கமும் செம்மண். திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் டீ குடித்தேன். இங்கிருந்து கிழக்கே ஆரோவில் போகும் சாலைகள் நிழலும் வளைவுமாக அழகானவை. படத்தில் பார்த்தால் எல்லோரும் அதில்தான் சைக்கிள் ஓட்ட விரும்புவார்கள். ஆனால் அங்கே விருந்தினர் விடுதிகளிலேயே, இருட்டிய பிறகு பெண்கள் தனியாகச் சைக்கிளில் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் உண்டு. காரணம் இடத்தைப் பார்த்தாலே புரியும். முந்திரி மரம் கிளையைத் தரைவரைக்கும் இறக்கிவைத்திருக்கும். பத்தடிக்கு அப்பால் ஆள் நின்றாலும் தெரியாது. சவுக்குத் தோப்பில் வரிசை வரிசையாக மரங்கள் இடைவெளி விட்டு நிற்பதுபோல் இருக்கும், கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் சுவர்தான்.

பெரிய சாலையில் டிப்பர் லாரி பயம். வானூர் வட்டாரத்தில் திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் அதிகம். ஜல்லி ஏற்றிய வண்டிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். நியாயமாகப் பார்த்தால் சைக்கிள்காரி அஞ்ச வேண்டியது அந்தச் சக்கரங்களுக்குத்தான். இருந்தும் லாரி ஓடும் சாலையையே நான் எடுத்தேன், எடுப்பேன். லாரி டிரைவர்கள் என்னிடம் ஒருநாளும் வம்பு செய்ததில்லை. அவர்களுக்கு லோடு எண்ணிக்கை முக்கியம். ஆள் இல்லாத அழகான சாலைக்கும் ஆளைக் கொல்லக்கூடிய பெரிய சாலைக்கும் நடுவில் பெண்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைச் சாலை போடுகிறவர்கள் எந்தக் கோப்பிலாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க ஆசை.

திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் சொன்னெரா 1781-இல் இவற்றைப் பற்றி முதலில் எழுதிவைத்தார். அவர் எந்த நேரத்தில் வந்தார், தனியாக வந்தாரா என்ற கவலையெல்லாம் அவருக்கு இருந்திருக்காது. எனக்கு அங்கே பிடித்த விஷயம் வேறு. பக்கத்திலேயே சந்திரமௌலீஸ்வரர் கோயிலும் வக்ரகாளி அம்மன் சந்நிதியும். பௌர்ணமி இரவில் அம்மனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். மற்ற நாள் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் 'அந்தப் பக்கம் போவாதம்மா' என்று சித்தி எச்சரிக்கிற அதே சாலையில், பௌர்ணமி நடுராத்திரி கைக்குழந்தையோடு பெண்கள் நடந்து போகிறார்கள். அந்த ராத்திரிக்கென்று தனியாகத் தெருவிளக்கு யாரும் போடவில்லை.

வானூரிலிருந்து திங்கட்கிழமை காலை கிளியனூர்ப் பக்கமாகக் கிளம்பினேன். கழுவெளி இந்த வட்டாரத்தின் பெரிய நீர்ப்பரப்பு. கடலோரத்தில் உப்புத்தண்ணீரும் உள்ளே நல்ல தண்ணீருமாகக் கலந்து கிடக்கும். வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கரையோர ஊர்ச் சாலைகள் நன்றாகவே இருக்கின்றன. கைப்பேசி என்னை அவற்றிலிருந்தும் பிரித்து, இன்னும் குறுக்கான ஒரு மண்பாதையில் தள்ளியது.

அந்தப் பாதையில்தான் பைக் ஒன்று பின்னால் வந்தது. இரண்டு பையன்கள். கைப்பிடியில் பொருத்தியிருந்த சின்னக் கண்ணாடியில் முதலிலேயே பார்த்துவிட்டேன். சைக்கிளுக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அந்தக் கண்ணாடிதான், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தால் அவர்களுக்கு அது பதில். தாண்டிப் போனார்கள், முன்னால் போய் நின்றார்கள், நான் தாண்டியதும் மறுபடியும் பின்னால் வந்தார்கள். 'மேடம், ரேஸ் வுடலாமா?' என்றான் ஒருவன். பெடலை வேகமாக மிதித்து என்ன ஆகப்போகிறது? என் கண் வேறொன்றைத் தேடியது. ஏரிக்கரையில் சேலைகள் தெரிந்தன.

நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், நாலைந்து கிழவர்களைத் தவிர எல்லோரும் பெண்கள். நேராகச் சைக்கிளைக் கரைமேல் ஏற்றி அவர்கள் நடுவில் நிறுத்தினேன்.

'இன்னாமா, இப்புடி மூச்சு வாங்குது?'

'ஒண்ணுமில்லக்கா. பின்னாடி ரெண்டு பேரு...'

சொல்லி முடிக்கவில்லை. ஒரு அக்கா மண்வெட்டியைக் கீழே போடாமல், அப்படியே தோளில் வைத்தபடி, பாதைக்கு இறங்கிப் போய் நின்றார். பைக் திரும்பிவிட்டது. 'யாருடி அவனுங்க?' என்று மேலிருந்து ஒரு குரல். 'அந்தப் பின்னாடி குந்தியிருந்தவன் நம்ம மேட்டுத் தெரு பையன்தான். அவுங்க ஆயா முந்தாநேத்து இங்க வேலைக்கு வந்துச்சே' என்று பதில்.

கிராமச் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அங்கே சீண்டுகிறவனுக்கு முகம் கிடையாது, வண்டி எண் மட்டும்தான், அதுவும் படிப்பதற்குள் போய்விடும். இங்கே அவனுக்குத் தெரு இருக்கிறது, ஆயா இருக்கிறார். ஆனால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. நான் தண்ணீர் குடித்து முடித்ததும் அதே அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: 'நாங்க அவன் வூட்ல சொல்லிக்கிறோம். நீ ஸ்டேஷனுக்கு கீஷனுக்குப் போவாதம்மா. நாளைக்கு அவங்க மூஞ்சில நாங்க முழிக்கணும் பாரு.' நான் போகவில்லை. வெளியூர்க்காரி, போயிருக்கலாம். அந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் போயிருக்க முடியுமா என்பது வேறு விஷயம். முகம் தெரிவது தடுக்கவும் செய்கிறது, மூடவும் செய்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்கள் சீண்டியதில் கல்லூரி மாணவி ஒருவர் விழுந்து இறந்த பிறகு, அந்த ஆண்டே தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பின்தொடர்வது 2013 முதல் நாடு முழுவதும் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. 181, 112 என்ற உதவி எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் அந்த மண்பாதையில் எனக்கு முதலில் தோன்றியது எண் இல்லை, சேலை நிறம்.

அதன்பின் குறுக்குவழியை விட்டு ஊர்ச் சாலைக்கே வந்தேன். பள்ளிக்குப் போகும் பெண்கள் அரசு கொடுத்த சைக்கிள்களில் மூவர் மூவராகச் சாலையை அடைத்துக்கொண்டு வந்தார்கள். பஸ் ஹாரன் அடித்தும் கலையவில்லை. எனக்கு அது ஒழுங்கீனமாகத் தெரியவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென ஆரம்பித்துப் பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம் இது. படிப்பை நிறுத்தாமல் இருக்கத்தான் கொடுத்தார்கள். சாம்பியாவில் கிராமத்து மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்து ஆராய்ந்தபோது, வழியில் கேலியும் சீட்டியும் குறைந்ததாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். நம்மிடம் இத்தனை ஆண்டுகளாக இத்தனை லட்சம் சைக்கிள்கள் ஓடுகின்றன. வழியில் என்ன நடந்தது என்று அந்தப் பெண்களிடமும் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மரக்காணத்தில் விடுதிக்காரர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'தனியாவா?' என்றார். 'சைக்கிளும் இருக்கு' என்றேன். சைக்கிளை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள விட்டார். சாயங்காலம் பூமீஸ்வரர் கோயில் வரை நடந்தேன். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்று வருகிற பாணன், எதிரே வறுமையோடு வரும் பாணனுக்கு எந்த ஊர் வழியாகப் போகலாம், எங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லும் சிறுபாணாற்றுப்படையில் இந்த ஊர் வருகிறது. இங்கே நுளையர் வீட்டுப் பெண் வடித்த பழைய கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று அதில் வழி சொல்கிறார்கள். அன்றைக்கு அது விருந்தோம்பல். 2023 மே மாதம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பாணன் பெண்கள் உட்பட ஒரு கூட்டத்தோடு போனவன். அந்தக் கூட்டத்து விறலிகளைத் தனியாக விட்டு வழி சொல்லச் சொல்லியிருந்தால் வேறொரு பாட்டு கிடைத்திருக்கும்.

உப்பளத்துக்குப் போக ஏற்ற நேரம் எது என்று விடுதி வாசலில் பூ விற்ற அம்மாவிடம் கேட்டிருந்தேன். 'வாரப் போறவங்க போற நேரத்துக்கு நீயும் போ. நாலு, நாலரை. அவங்க திரும்புற நேரத்துக்குத் திரும்பிடு.' அவ்வளவுதான், அதற்குமேல் விளக்கம் இல்லை.

அந்த நேரத்தில் சாலையில் இத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று எந்த வரைபடமும் சொல்லாது. தூக்குவாளி, தலைத்துண்டு, கையில் டார்ச். சிலர் ஷேர் ஆட்டோவில், சிலர் கணவர் ஓட்டும் மொபெட்டில், பெரும்பாலோர் நடந்து. நான் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகப் பேசப்படும் உப்பளங்கள் இவை. மழை முடிந்து பாத்தி கட்டி, கோடை முழுக்க வாருவார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. கண் கூசும், கால் எரியும், அதனால்தான் இருட்டிலேயே வேலை. பலகையால் உப்பை ஓரத்துக்கு இழுத்துக் குவிப்பார்கள், பிறகு கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். வெட்டவெளிதான், ஒரு மரம்கூட மறைக்காது. ஒரு மைல் தூரத்தில் வருகிறவனையும் பார்க்கலாம். பாத்தியில் ஆள் இருக்கும்வரை இதைவிடப் பாதுகாப்பான சாலை கிடையாது. ஒன்பது மணிக்கு எல்லோரும் போய்விட்ட பிறகு அதே சாலையில் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கேட்க ஒரு காது இல்லை.

'அக்கா, உங்களுக்கு சைக்கிள் ஓட்ட வருமா?'

'எனக்கு எங்க? என் பொண்ணு வுடுவா. சோறு எடுத்தாந்து குடுப்பா, லீவுல.'

'தனியாவா வருவா?'

'தனியா எதுக்கு வுடறது? பக்கத்து வூட்டுப் பொண்ணும் வரும். இன்னாதான் தகிரியம் இருந்தாலும் ரெண்டு சைக்கிள் ரெண்டு சைக்கிள்தான.'

புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள், கல்லுடைக்கிற பெண்கள், விவசாயக் கூலிகள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் போய் எழுதியபோது, முதலில் ஆபாசமாகப் பேசினார்கள், இயக்கம் துணை நின்றதால் அது எடுபடவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒன்றாக ஓட்டியிருக்கிறார்கள். அந்த மாவட்டத்துச் சாலைகளில் ஒன்றுகூட அதற்காக அகலப்படுத்தப்படவில்லை. எண்ணிக்கைதான் கூடியது.

தனியாகத்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் என்போன்ற நகரத்துப் பெண்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். கூட்டத்தோடு போ என்பது பாதுகாப்பு என்ற பெயரில் கட்டுப்பாடாகவும் ஆகிவிடும் என்று நாங்கள் வாதாடுவோம். வாதம் சரிதான். ஆனால் நான் கூட்டத்தோடு வண்டி ஓட்டுவதில்லை, கூட்டம் நடமாடுகிற நேரத்தில் தனியாக ஓட்டுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. இன்னொரு விஷயம், ஓட்டிய பாதையை உடனுக்குடன் ஸ்ட்ராவா செயலியில் எல்லோருக்கும் காட்டுகிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். தினமும் எங்கே கிளம்பி எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்பதை நாமே விளம்பரப்படுத்துகிறோம். இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் நம்பிக்கையான இருவருக்கு அனுப்பினால் போதும்.

திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை. அன்று செவ்வாய்க்கிழமை. உப்பளத்திலிருந்து அவர்கள் கிளம்பியபோதே கிளம்பினேன். தமிழ்நாட்டில் டாஸ்மாக் மதியம் 12-க்குத் திறக்கும், புதுவைக் கடைகள் அதற்கும் முன்னால். கூனிமேடு வரை ஒன்றுமில்லை. நான்குவழிச் சாலை வேலைக்காகத் தோண்டிப்போட்ட இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. இந்தச் சாலையின் பெரிய குழப்பம் எல்லை. கனகசெட்டிகுளமும் காலாப்பட்டும் புதுச்சேரி, அடுத்துப் பொம்மையார்பாளையம் தமிழ்நாடு, கோட்டக்குப்பம் தமிழ்நாடு, முத்தியால்பேட்டை மறுபடி புதுச்சேரி. பைக்கில் வருகிறவன் கனகசெட்டிகுளத்தில் ஆரம்பித்துப் பொம்மையார்பாளையத்தில் முடித்தால் அது இரண்டு போலீசின் வேலை. 'அது எங்க லிமிட் இல்லம்மா' என்ற வாக்கியத்துக்கு இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும், சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இந்த வழியில் ஓட்டுகிறவர்கள் அந்தப் பிரிவு எண்ணைப் பஞ்சர் பசையோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கீழ்புத்துப்பட்டில் அய்யனார் கோயில் தோப்புக்கு அருகே டீக்கடையில் நிறுத்தினேன். பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். கியரைத் தொட்டார்.

'தனியவே பிள்ளை வந்தனீ?'

'ஆமாம்மா.'

'எங்கட ஊரிலே பெட்டையள் எல்லாம் சைக்கிள்தான். பெட்ரோல் இல்லாத காலத்திலே நான் மூண்டு பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு ஓடினனான். இஞ்ச வந்த பிறகுதான் விட்டனான்.'

ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். 'இஞ்ச நான் ஒருத்திதானே ஓடவேணும்' என்றார். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியதைப் படித்திருக்கிறேன். அங்கே சைக்கிள் ஓட்டும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று போய்வந்த நண்பர்களும் சொல்வார்கள்.

சைக்கிள் விலையைக் கேட்டார். சொன்னேன். 'அம்மாளாச்சி! அந்தக் காசுக்கு ஆறு லுமாலா சைக்கிள் வாங்கலாம்' என்று சிரித்தார். பிறகு சாலையைக் காட்டி வழி சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வராதே, தோப்புக்கு வருகிற கூட்டத்தில் பாதி குடித்துவிட்டு நிற்கும். காலாப்பட்டில் யூனிவர்சிட்டி விடுகிற நேரம் பிள்ளைகள் நிறைய வருவார்கள், அப்போது போனால் நல்லது. வெள்ளிக்கிழமை காலையில் என்றால் பூசைக்குப் பெண்கள் நடந்து வருவார்கள், பயமில்லை. இப்போது போவதென்றால் வழியில் நிற்காமல் போ, கோட்டக்குப்பம் பள்ளிவாசல் தாண்டினால் கடைத்தெரு, அதற்கப்புறம் ஆளுக்குக் குறைவில்லை.

டீக்காசை அவர்தான் கொடுத்தார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் மணியைப் பார்த்தேன், பத்தே முக்கால்.